அமுங்கிய புள்ளிகள்

வலது கை இரும்புப் பிடியைச் சுற்றியது. இடது கை மேற்பலகை கோணாமல் தாங்கிக்கொண்டது. முழுச் சுற்று, பிறகு அரைச் சுற்று, பிறகு கால் சுற்று. இரண்டு பலகைகளுக்கும் நடுவில் இருந்த தடித்த புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விட்டது. தைத்து முடித்து முதுகில் பசை தடவிய எந்தப் புத்தகத்துக்கும் அந்தக் கைகள் செய்கிற வேலைதான். கடைசிக் கால் சுற்றில் நரம்பு புடைத்தது. விரல்கள் பலகையின் நான்கு ஓரங்களையும் தடவி, எல்லாப் பக்கமும் இறுக்கம் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்தன. இருந்தது. கைகள் பசைத்துணியில் துடைத்துக்கொண்டு ஷட்டரை இறக்கிப் பூட்டின.

மறுநாள் காலையில் அந்த இரும்புப் பிரஸ்ஸைத் தளர்த்தி எடுத்தபோது புத்தகம் பாதியாய் மெலிந்திருந்தது. புத்தகம் கட்டுகிற ஞானசிகாமணிக்கு முதலில் சந்தோஷம்தான். நேற்றுவரை பஞ்சு மூட்டை மாதிரி உப்பிக்கொண்டிருந்தது, இப்போது பலகையாய் உட்கார்ந்துவிட்டதே என்று நினைத்து, அட்டை ஒட்டுவதற்காக முதல் தாளைத் திருப்பினார். தாளில் மை இல்லை. அது அவருக்குத் தெரிந்ததுதான். கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற புள்ளிப் புத்தகம் அது. சும்மா ஒரு தடவை உள்ளங்கையை வைத்துத் தடவினார். நேற்று நொய்யரிசி பரப்பியதுபோல நெருநெருவென்று இருந்த தாளில் கை வழுக்கிக்கொண்டு போனது.

பத்தாம் தாளைத் தடவினார். நடுத்தாளைத் தடவினார். கடைசித் தாளைத் தடவினார். எல்லாம் வழுக்கின.

அவர் எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மூன்று நாளைக்கு முன்னால் மார்க்கையன்கோட்டையிலிருந்து மலையம்மாள் என்ற பெண் அதை உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள். அவளுடைய மகள் சிம்ரனுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. வெளியூர் விடுதியில் தங்கிப் படித்தபோது அந்தப் பெண் கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டாள். நான்கு சுவிசேஷங்களில் சின்னதை, ஒரு தோழி வாசிக்க வாசிக்கத் தன் கையாலேயே ஊசி பிடித்துக் குத்தி எழுதிக்கொண்டாள். நூற்று முப்பத்தெட்டுத் தாள். பிளாஸ்டிக் வளையம் உடைந்து தாள்கள் உதிர ஆரம்பித்திருந்தன.

“பெரிய வெள்ளிக்குச் சின்னமனூர்ச் சர்ச்சுல பாப்பாவ வாசிக்கச் சொல்லிருக்காகண்ணே,” என்று மலையம்மாள் சொல்லியிருந்தாள். “மொத மொதன்னு கூப்புட்டுருக்காக. நீங்க கட்டுனா உதிராதுன்னாக.”

அவரும் மூன்று நாளாக அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். தையலை எங்கே போடுவது, நூல் எத்தனை இழை, ஓரத்தில் புள்ளியில் ஊசி படாமல் எப்படித் துளைப்பது. எல்லாம் யோசித்தவர் பிரஸ்ஸைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. அது யோசித்துச் செய்கிற வேலையாக அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கை தானாகச் செய்யும். பெரிய வெள்ளிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஐயோ, தப்புப் பண்ணிவிட்டோமே என்று தலையில் கைவைத்திருப்பார்கள். ஞானசிகாமணியின் நினைப்பு அங்கே போகவில்லை. வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்.

அதற்குக் காரணம் அவருடைய அம்மா. அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நான்காவது தங்கினால் உம்முடைய ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று போடிச் சர்ச்சில் முழங்கால் போட்டுப் பொருத்தனை பண்ணிவிட்டாள். பிள்ளை தங்கியது. காய்ச்சல் வந்தாலும் கீழே விழுந்தாலும், “நீ என் பிள்ளை இல்லப்பா, ஆண்டவரோட பிள்ளை” என்று தலையைத் தடவுவாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். கேட்டவனுக்கோ தான் அந்த வீட்டில் இரவல் பாத்திரம் என்றும், உரியவர் என்றைக்கு வந்து கேட்பாரோ என்றும் இருந்தது. அவனுக்குப் பதினைந்து வயதாகும்போது அம்மா செத்துப்போனாள். பொருத்தனையை மாற்றி எழுத இனி ஆள் இல்லை.

பத்தொன்பது வயதில், பாஸ்டராவதற்கான ஊழியப் படிப்புக்குச் சர்ச்சில் பெயர் கொடுத்தார்கள். ஆறு பெரியவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு பகுதியை வாசி தம்பி என்றார்கள். முதல் சொல்லே ‘ப’வில் ஆரம்பித்தது. அவனுக்குத் திக்குவாய். அதிலும் ‘ப’ வந்தால் உதடு பூட்டிக்கொள்ளும். பூட்டியது. ஒரு நிமிஷம் போனது. ஆறு பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள், அந்தப் பொறுமைதான் தாங்கவில்லை. எழுந்தவன் பஸ் ஸ்டாண்டில் வந்துதான் நின்றான்.

பிறகு தேனியில் ஓர் அச்சகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. அங்கே கழித்துப்போட்ட புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து தையலைப் பிரித்து, பிரித்த வழியே திரும்பத் தைத்துப் பார்த்துப் பைண்டிங் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டும். இருபத்தெட்டு வருடமாகப் பஜார் சந்தில் சொந்தக் கடை. வீடு பழனிசெட்டிபட்டியில். ஏலக்காய் மண்டிப் பேரேடுகள், பள்ளிக்கூடப் பதிவேடுகள், கிழிந்த வேதாகமங்கள் என்று எது வந்தாலும் அவர் கட்டியது பிரியாது என்று ஊருக்குள் பேர்.

ஆனால் ஓடிவந்தவன் என்ற நினைப்பு அவரை விடவில்லை. முதல் பிள்ளை நாலாம் நாள் இறந்தபோது அதற்கு விழுந்த அடிதான் என்று நினைத்தார். ஒரு மழையில் கடைக்கூரை இறங்கி வேலை முழுக்க நனைந்தபோதும் அதையேதான் நினைத்தார். ஒவ்வொரு மே மாதமும் கன்வென்ஷன் பந்தலில், “அழைப்பைத் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டிருக்கிற ஒருவர் இங்கே இருக்கிறார், எழுந்து நில்லுங்கள்” என்று பிரசங்கியார் சொல்லும்போது இவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். “எந்தப் பந்தல்லயும் அப்படி முப்பது பேர் இருப்பாங்க. ஒங்களத்தான் சொல்றாருன்னு ஒங்களுக்கு என்ன பெரும?” என்று அவருடைய மனைவி சுகிர்தம் கேட்பாள்.

இப்போது வேதத்தின் வார்த்தையையே, அதுவும் கண்ணில்லாத ஒரு பெண் தன் கையால் எழுதியதை, அவருடைய கையே அழித்துவிட்டது. இதற்கு மேல் இனி என்ன வரும் என்று நினைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

பாதி ஷட்டருக்குள் குனிந்து எட்டிப் பார்த்தார் பக்கத்துக் கடை மொக்கைச்சாமி. எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். ஞானசிகாமணி திக்காமல் பேசுகிற நான்கைந்து பேரில் ஒருவர். விஷயத்தைக் கேட்டு ஒரு தாளை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“எழுத்தே இல்லாத புக்கு. அதையும் அழிச்சுப்புட்ட. கெட்டிக்காரன்தான்யா நீ,” என்றார். இவர் சிரிக்கவில்லை என்று கண்டதும், “ஏய், புள்ளிதானப்பா. அமுங்குனாத் திரும்பக் குத்திவிடு. நான் கருகுன காயிலத் திரும்பச் சுத்தலையா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேலிக்குச் சொன்னது என்று ஞானசிகாமணி அதை விட்டுவிட்டார். அன்று மத்தியானமே பாஸ்டர் ஸ்டீவனைத் தேடிப் போனார்.

ஸ்டீவன் நல்ல மனிதர். பத்து வருடத்துக்கு முன்னால் கன்வென்ஷன் பாட்டுப் புத்தகம் கட்டக் கொடுக்க வந்தவர், பொருத்தனைக் கதையை யாரோ சொல்லக் கேட்டு, “அண்ணே, ஒங்களுக்கு பாரம் இருக்கா?” என்று கனிந்து கேட்டார். ஆத்துமாக்களைப் பற்றிய மனபாரத்தைக் கேட்டார் அவர். பதினாறு பக்க மடிப்பைப் பாரம் என்றுதான் அச்சுத்தொழிலில் சொல்வார்கள். ஞானசிகாமணி கட்டைப் புரட்டிப் பார்த்து, “ப... பன்னெண்டு பாரம் இருக்கு, ரெண்டு நாள்ல தச்சுரலாம்” என்றார். மொக்கைச்சாமி அதைப் பஜார் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஸ்டீவன் மட்டும் சிரிக்காமல் ஒவ்வொரு வருடமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு இவரே தேடி வந்து நின்றதும் ஸ்டீவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நடந்ததைப் பாதி வாயாலும் பாதி கையாலும் சொல்லி முடித்ததும் அவர் சொன்னார்: “ஆண்டவர் ஒங்கள நெருக்குறார்ணே. பேச்சு வராதுன்னு சாக்குச் சொல்லாதீக. பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை உபவாச ஜெபம். காலைலருந்து சாயந்தரம் வரைக்கும். அங்கன எந்திருச்சு நில்லுங்க. ஒங்கள ஊழியத்துக்குன்னு பிரதிஷ்டை பண்ணி ஜெபிப்போம். அப்புறம் கடை எதுக்கு?”

ஞானசிகாமணி தலையை ஆட்டினார். ஆட்டியதும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உதடு பூட்டி நிற்பது மட்டும் கண்ணுக்குள் வந்தது.

இரண்டு நாள் கழித்து, மலையம்மாள் எழுதிக்கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் பண்ணினார். திக்குவாய்க்காரனுக்குப் போனைப் போலச் சத்துரு கிடையாது. முகமும் கையும் அங்கே உதவிக்கு வராது. எடுத்தது சிம்ரன். “யாரு?” என்றாள். ‘பைண்டிங்’ என்று ஆரம்பிக்க நினைத்ததுதான் தப்பு. உதடு பூட்டிக்கொண்டது. “யாருங்க? ஏலே, யார்றா அது, மூச்சு விட்டுக்கிட்டு?” என்று தொடங்கி, கண்ணில்லாத பெண்கள் இந்த உலகத்துக்காகக் கற்றுவைத்திருக்க வேண்டிய வசவுகளில் நாலைந்தைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டாள். அரைமணி கழித்து மலையம்மாள் கூப்பிட்டுப் புத்தகம் முடிந்ததா என்று கேட்டாள். “இன்னும் ரெ... ரெண்டு நாள்,” என்றார். பொய் சொன்னோம் என்று அப்புறம்தான் உறைத்தது. விழப்போகிற அடியோடு அந்தப் பொய்க்கான அடியையும் சேர்த்து எதிர்பார்க்க ஆரம்பித்தார்.

அவர் சாப்பிடாமல் தட்டைத் தள்ளுவதைச் சுகிர்தம் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் மொக்கைச்சாமியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வந்து கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஊழியத்துக்குப் போறீகளோ எங்க போறீகளோ, அது பின்னாடி. யார் புக்கக் கெடுத்தீகளோ அந்தப் பிள்ளைகிட்ட இன்னும் சொல்லல. பாஸ்டர்ட்ட ஓடிப்போய்ச் சொல்லிருக்கீக. இது என்ன நியாயம்?”

“ப... பயமா இருக்கு.”

“யாரப் பாத்து? ஆண்டவரப் பாத்தா, அந்தப் பிள்ளையப் பாத்தா?”

அவர் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு சின்னமனூர் பஸ் ஏறினார். பஸ்ஸில் கூட்டம். புத்தகத்தை யாரும் நெருக்கிவிடாமல் இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் தள்ளிப் பிடித்தபடியே வந்தார். அமுங்கிப்போனதை இனி என்ன காப்பது என்று தோன்றியும் கையை இறக்கவில்லை. மார்க்கையன்கோட்டைக்கு ஆட்டோவில் போகும்போது, அறுத்து முடிந்த வயல்களில் வாத்துக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. திரும்பிவிடலாமா என்று மூன்று முறை நினைத்தார்.

சிம்ரன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். புத்தகத்தை மடியில் வாங்கியதும் முகம் மலர்ந்தது. விரலை வைத்தாள். விரல் ஓடியது, நின்றது, திரும்பி வந்தது. அடுத்த தாள். அடுத்தது. முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வந்ததை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அதை மறைக்கத் தெரிந்தவளாக இல்லை.

“என்ன பண்ணுனீக?”

“பிரஸ்... பிரஸ்ல...”

“ரெண்டு வருசம் ஐயா,” என்றாள். குரல் உயரவில்லை. “ஒரு பிள்ளை வாசிக்கும், நான் குத்துவேன். அந்தப் பிள்ளை இப்ப எங்கன இருக்குன்னே தெரியாது. நீங்க கண்ணு தெரிஞ்ச ஆளுதான?”

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பேசாமல் நிற்கிறாரே என்று அவளுக்குக் கோபம் ஏறியது. அம்மாக்காரிதான், “அண்ணனுக்கு நாக்குத் திக்கும்த்தா” என்றாள். சிம்ரன் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து அவருடைய மூச்சைக் கேட்டாள்.

“அன்னைக்கிப் போன்ல மூச்சு விட்டது நீங்களா?”

“ஆமா.”

“எவனோன்னு நெனச்சு வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டேன்.”

“ச... சரியான ஆளத்தான் வஞ்ச.”

மலையம்மாள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிம்ரன் சிரிக்கவில்லை. “மன்னிச்சுட்டேன்னு இப்பச் சொல்ல முடியல,” என்றாள். அவர் பரவாயில்லை என்று தலையை ஆட்டினார். அவளுக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, “பரவால்ல” என்று வாயாலும் சொன்னார். அந்தப் ‘ப’ எப்படியோ வந்துவிட்டது. பிறகு, மொக்கைச்சாமியின் கேலியிலிருந்து பிடித்து வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததைக் கேட்டார். “திரும்பக் குத்துறேன். எழுத்தக் கத்துக்குடு.”

அந்தத் தாள்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் அமுங்கிய புள்ளிகள் ஊசிமுனை அளவு நிழலாகத் தெரிந்தன. தெரிகிற இடத்தில் பின்பக்கமாகக் குத்தித் தூக்கிவிடலாம். தெரியாத இடத்தில் என்ன எழுத்து என்று படிக்கத் தெரிந்தால்தான் உண்டு. அவள் அவருடைய உள்ளங்கையில் விரலால் அழுத்திச் சொல்லிக்கொடுத்தாள். இடது வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. வலது வரிசையில் நாலு, ஐந்து, ஆறு. மொத்தமே ஆறு புள்ளி, அதற்குள் எல்லா எழுத்தும். பின்னால் இருந்து குத்தும்போது இடது வலதாகும், வலது இடதாகும். அச்சகத்தில் ஈய எழுத்துகளை இடவலம் மாற்றிக் கோத்தவர்களுக்குப் பக்கத்தில் வேலை செய்தவருக்கு அது மட்டும் சுலபமாக இருந்தது.

மொக்கைச்சாமி ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரின் முனையை அரத்தில் உருட்டி ராவிக் கொடுத்தார். மோட்டாருக்கு அடியில் போடுகிற ரப்பர் தகட்டில் ஒரு துண்டும் கொடுத்தார். தையலைப் பிரித்து, தாளைக் கவிழ்த்து ரப்பர்மேல் வைத்து முனையால் அழுத்தினால் மறுபக்கம் புள்ளி எழுந்தது. அதிகம் அழுத்தினால் தாள் கிழியும். கம்மியாக அழுத்தினால் விரலுக்குத் தட்டாது. நிழல் நன்றாகத் தெரிந்த தாள்களாகப் பார்த்து எடுத்தும் முதல் இரண்டு நாளில் ஐந்துதான் ஆனது, அதில் ஒன்று கிழிந்தது. கிழிந்ததை மெல்லிய தாளால் பின்னால் ஒட்டித் திரும்பக் குத்தினார்.

அந்த ஐந்தையும் சிம்ரனிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே படித்தாள். ஒரு தாளில் அத்திமரம் வருகிற இடத்தில் விரல் நின்றது. திரும்பப் படித்தாள். அப்புறம் நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அஞ்சாம் புள்ளி எழும்பாவிட்டால் ‘ர’ என்பது ‘ல’ ஆகிவிடும் என்று சொல்லி, அந்தச் சொல்லை அவரையே எழுத்துக் கூட்டிப் பார்க்கச் சொன்னாள். ஞானசிகாமணி கூட்டிப் பார்த்தார். காது சிவந்துபோனது. அந்தப் பகுதியை வாசிக்கச் சொல்லியிருந்தால் அந்தச் சொல் சர்ச்சில் உரக்கக் கேட்டிருக்கும்.

“மத்ததெல்லாம் சரியா இருக்கு ஐயா,” என்றாள். “நீங்க எழுப்பினது என் குத்தைவிட ஒண்ணுபோல இருக்கு.”

அன்றிலிருந்து அவருக்கு வேறொரு பயம் வந்தது. பழைய பயம் முதுகுக்குப் பின்னால் நிற்பது. எப்போது அடி விழும், எங்கே விழும் என்று தெரியாதது. இது விரல் நுனியில் இருந்தது. இந்தப் புள்ளி எழுந்ததா, இது அஞ்சா ஆறா, இந்த வரியில் ஒன்று விட்டுப்போனதா. ஒரு தாளுக்கு ஆயிரம் புள்ளிக்குக் குறையாது. முடித்த தாளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் முதல் வரியிலிருந்து வருவார். காலையில் ஆறு மணிக்குக் கடையைத் திறந்து, சுகிர்தம் சோறு கொண்டுவந்து வைத்தால் ஆறிப்போனபின் சாப்பிட்டார். வந்த வேலைகளைப் பெரிய வெள்ளி கழித்து என்று திருப்பி அனுப்பினார். எழுபதாவது தாளுக்கு மேல், நிழலே தெரியாத இடங்களில்கூட, வார்த்தை எங்கே போகிறது என்று விரலுக்கு முன்னாலேயே தெரிய ஆரம்பித்தது. சின்ன வயதிலிருந்து காதால் கேட்டதுதான். வாய்விட்டு ஒரு தடவைகூடத் தங்குதடையில்லாமல் அவரால் வாசிக்க முடியாதது. ‘ப’ என்பது வெறும் நான்கு புள்ளி. குத்தினால் வந்துவிட்டது. பூட்டிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

புதன்கிழமை வந்தபோது பதினேழு தாள் மீதி இருந்தது. அதற்கப்புறம் தைத்து அட்டை போட வேண்டும். வியாழன் மத்தியானம் சின்னமனூர் பஸ் ஏற வேண்டும். உபவாச ஜெபத்துக்குப் போனால் புத்தகம் முடியாது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் முடியாது. வெள்ளைச் சட்டையைச் சுகிர்தம் தேய்த்து ஆணியில் மாட்டியிருந்தாள். போகிறாரா இல்லையா என்று அவள் கேட்கவில்லை. அவர் பழைய சட்டையோடு கடைக்குப் போனார்.

பத்தரைக்கு ஸ்டீவன் போன் பண்ணினார். இவர் எடுக்கவில்லை. பதினொன்றுக்குத் திரும்ப வந்தது. எடுத்தார். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது.

“அண்ணே, எங்கன இருக்கீக? ஒங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்காக.”

“வேலை இருக்கு.”

“இது ஆண்டவரோட வேலைண்ணே.”

ஞானசிகாமணி கையிலிருந்த தாளைப் பார்த்தார். பாதி வரி எழும்பியிருந்தது, பாதி படுத்துக் கிடந்தது.

“இதுவும்,” என்றார்.

ஜெபிக்கிறேன்ணே என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஸ்டீவன் வைத்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அவர் போனைக் கீழே வைத்த மாத்திரத்தில் மின்விசிறி நின்றது. கடை முழுக்கச் சட்டென்று அடங்கிப்போனது. கழுத்தில் வேர்வை இறங்கியது. முப்பத்திரண்டு வருடமாக எதிர்பார்த்தது இந்த நிமிஷம்தானா என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பக்கத்துக் கடையில் மொக்கைச்சாமி மின்வாரியத்தின் ஏழு தலைமுறையை விசாரித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான். மூச்சு விட்டுத் தாளை ஷட்டர் பக்கம் வெளிச்சத்துக்கு நகர்த்தினார்.

பன்னிரண்டரைக்குப் போன் திரும்ப அடித்தது. திரையில் ஜெஸ்லின் என்று வந்தது. மகள். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் பணி நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. முதலில் ஒரு பிள்ளை, இப்போது மிச்சமிருக்கிற ஒரு பிள்ளை என்று மனம் ஓடிய ஓட்டத்தில் போனை எடுக்கக் கை வரவில்லை. அது அடித்து அடித்து நிற்கப் போகிற சமயத்தில் எடுத்தார்.

“அப்பா, அம்மா ஏன் போன எடுக்க மாட்டேங்குது? வெள்ளிக்கிழமை லீவு குடுத்துட்டாங்க, வாரேன்னு சொல்லிரு,” என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அவருக்குக் கை நடுக்கம் நிற்கக் கால்மணி ஆனது. நடுங்குகிற கையோடு புள்ளியில் முனையை வைக்கக் கூடாது என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அடி இனிமேல் விழலாம். விழாமலும் இருக்கலாம். இந்தத் தாளை விட்டுவிட்டுப் போய் மேடையில் நின்றாலும் அது அப்படித்தான். நடுக்கம் நின்றதும் விட்ட புள்ளியிலிருந்து தொடங்கினார். வெளிச்சம் மங்கும்போது கடைசித் தாளையும் தடவிப் பார்த்துக் கவிழ்த்து வைத்தார்.

வியாழன் காலையில் தைத்தார். இந்த முறை ஒவ்வொரு தாளுக்கும் முதுகில் ஒரு அட்டைப் பட்டை வைத்துத் தைத்தார். புள்ளிகள் எவ்வளவு உயரமோ முதுகும் அவ்வளவு உயரம் வரும், தாள் தாளை நசுக்காது. வெளி அட்டைக்கு உள்ளோரத்தில் சுற்றிலும் மெல்லிய மரச்சட்டம் ஒட்டினார். யார் மேலே எதை வைத்தாலும் பாரம் சட்டத்தில் இறங்கும். பசை காய்வதற்குப் பிரஸ் பக்கமே போகாமல், துணி நாடாவால் தளர்வாகக் கட்டி மேசையில் வைத்தார்.

மூன்றரை மணிக்கு மார்க்கையன்கோட்டையில் இறங்கினார். மலையம்மாள் வேலைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே சிம்ரன், “பசை வாசம் வருது, ஐயா வந்துட்டாக” என்று சொன்னது வெளியே கேட்டது. அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அவர் நாடாவை அவிழ்த்து, முதுகு இடப்பக்கம் வரும்படி திருப்பி, அவள் கையில் வைத்தார்.

நாளைக்கு வாசிக்க வேண்டிய இடத்தை அவள் எண்ணித் திருப்பினாள். விரல் நகர்ந்தது. உதடு அசைந்தது. முதல் தாள் முடிந்து அடுத்த தாளுக்குப் போனாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். மலையம்மாள் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. மூன்றாம் தாளின் நடுவில் விரல் நின்று, பின்னால் வந்து, திரும்பவும் நின்றது.

“இங்கன ஒண்ணு எந்திரிக்கல ஐயா.”

அவர் சட்டைப் பையிலிருந்து ராவிய முனையையும் ரப்பர்த் துண்டையும் எடுத்தார். புத்தகத்தை வாங்கிக் கீழே உட்கார்ந்து, தாளைக் கவிழ்த்து ரப்பர்மேல் வைத்தார். எந்தப் புள்ளி என்று அவள் சொன்னாள். ஒரே ஒரு அழுத்து. விரலால் தடவிப் பார்த்தார். கண்ணை மூடி இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, எழுந்து, புத்தகத்தை அவள் மடியில் வைத்தார்.